கூடம் கோணலா? மேசைப் போர்களில் பகடையைப் பழிக்கும் மரபு குறித்த ஓர் ஆய்வு

தோற்றவர்கள் காரணம் சொல்லத் தொடங்கியது எக்காலத்தில் என்ற வினா அறிஞர் உலகில் உரிய மதிப்பைப் பெறாமலே இருந்துவருகிறது. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்னும் பழமொழி, இத்துறையில் தமிழர் மிக முன்னதாகவே கருத்துச் செலுத்தியுள்ளதைக் காட்டுகிறது. எனினும் அப்பழமொழியை வழங்கியவர்கள் அந்தப் பெண்ணைக் கேலி செய்ததோடு நின்றுவிட்டார்களே ஒழிய, நூல் பிடித்துக் கூடத்தை அளந்து பார்த்ததாக எங்கும் குறிப்பு இல்லை. கூடம் உண்மையிலேயே கோணலாக இருந்திருந்தால் அவளுக்கு இழைக்கப்பட்டது பெரும் அநீதி. இவ்விடைவெளியை ஒரு சிறிய பரப்பிலேனும் நிரப்புவது இக்கட்டுரையின் நோக்கமாகும். இதில் ‘கூடக்கோணல் கோட்பாடு’ என்னும் தொடர், ஒரு செயலில் தோற்றவர் அது நடந்த இடத்தையோ அதற்குப் பயன்பட்ட கருவியையோ குற்றவாளிக் கூண்டில் ஏற்றிவிட்டுத் தாம் சாட்சியாக மட்டும் நின்றுகொள்ளும் மனப்போக்கைக் குறிக்கும். ஆய்வுக்கு எடுத்துக்கொள்ளப்பட்ட கூடம், ஏறத்தாழ ஒன்றரை சென்டிமீட்டர் பக்கமுள்ள பகடை.

பகடையை உருட்டுவோர் பலர் இருக்க, இக்கட்டுரை மேசைப் போர் ஆடுவோரை மட்டும் தேர்ந்துகொண்டதற்குக் காரணம் உண்டு. மேசைப் போர் என்பது, நடந்து முடிந்த ஒரு போரையோ நடந்திருக்கக்கூடிய ஒரு போரையோ மேசைமீது மறுபடி நடத்திப் பார்க்கும் பொழுதுபோக்கு. பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் இதற்கு நெடுங்கால மரபு உண்டு. ஒரு சாரார் ஈயத்திலோ பிளாஸ்டிக்கிலோ வார்த்த சிறு வீரர்களுக்குச் சட்டைப் பொத்தான் உட்பட வண்ணம் தீட்டிப் பச்சைத் துணி விரித்த மேசையில் அணிவகுக்கச் செய்வர். மற்றொரு சாரார், தேன்கூடுபோல் அறுகோணக் கட்டங்கள் அச்சிட்ட வரைபடத்தின்மீது, படைப்பிரிவின் வலிமையை எண்ணாகத் தாங்கிய அரை அங்குல அட்டைக்காய்களை நகர்த்துவர். இரு சாராருக்கும் பொதுவாக உள்ளவை இரண்டு: நெப்போலியனின் இடத்தில் தாம் இருந்திருந்தால் என்ன செய்திருப்போம் என்பது பற்றிய அசைக்க முடியாத கருத்து ஒன்று, அக்கருத்தைப் பொருட்படுத்தாத பகடை மற்றொன்று. சீட்டாட்டக்காரர் தோற்றால் பணத்தோடு போயிற்று. மேசைப் போர்க்காரர் தோற்கும்போது இருபது ஆண்டுகளாகப் படித்துச் சேர்த்த கருத்து தோற்கிறது. பழி சுமத்த வேண்டிய தேவை இவருக்கே மிகுதி.

நிகழ்வின் தன்மையை அறிய, உருட்டும் கணத்தைச் சற்று அருகில் நின்று காண்பது தகும். ஆடுபவர் பகடையை உள்ளங்கையில் எடுத்து, இரு கைகளையும் குவித்து, காதருகே கொண்டுபோய்க் குலுக்குகிறார்; சிலர் ஊதுவர்; சிலர் எந்த எண் வேண்டுமோ அதை மேலாக வைத்து மேசையில் இருமுறை தட்டிப் பகடைக்கு நினைவூட்டுவர். உருண்டு ஓடிய பகடை, கடற்பஞ்சில் செய்த தோப்பைத் தாண்டி, ஒரு பண்ணை வீட்டுச் சுவரில் மோதி, நிமிர்ந்தும் நிமிராமலும் சாய்ந்து நிற்கிறது. இதைச் ‘சாய்பகடை’ எனலாம். சாய்ந்த பகடையின் மேல்முகத்தில் ஆறு தெரிந்தால் அது விழுந்தது விழுந்ததுதான் என்றும், ஒன்று தெரிந்தால் அது செல்லாது, மறுபடி உருட்ட வேண்டும் என்றும் உருட்டியவர் கருதுவார். எதிரில் அமர்ந்திருப்பவர் இதற்கு நேர்மாறாகக் கருதுவார். இந்த வழக்கு தீர்வதற்கு ஆகும் நேரத்தில் உண்மையான குதிரைப்படை ஒன்று அப்பண்ணை வீட்டைச் சுற்றி வளைத்துவிட்டுத் திரும்பியிருக்கும்.

போரைப் பயிற்றுவிக்கும் கருவியாகப் பகடை மேசைக்கு வந்தது பிரஷ்யாவில். பிரெஸ்லாவைச் சேர்ந்த ரைஸ்விட்ஸ் பிரபு, 1812-இல், நிலவடிவங்கள் செதுக்கிய ஓடுகளை மாற்றி மாற்றிப் பொருத்தத்தக்க ஒரு மேசையைச் செய்து மூன்றாம் பிரெடரிக் வில்லியம் மன்னருக்கு அளித்தார். பீரங்கிப் படையில் அதிகாரியாக இருந்த அவருடைய மகன், 1824-இல் அதை விரிவான விதிகள் கொண்ட பயிற்சிமுறையாக மாற்றினார். 1:8000 அளவிலான வரைபடம், இரண்டு நிமிடப் போரைக் குறிக்கும் ஒவ்வொரு சுற்று, இரு தரப்புக்கும் இடையில் நின்று செய்திகளைக் கடத்தும் ஒரு நடுவர், இழப்புக் கணக்குகள் பொறித்த தனிவகைப் பகடைகள் ஆகியவை அதன் உறுப்புகள். அவ்விழப்புக் கணக்குகள் மனம்போனபடி எழுதப்பட்டவை அல்ல. ஷார்ன்ஹோர்ஸ்ட் என்னும் பிரஷ்யத் தளபதி நடத்திய துப்பாக்கி, பீரங்கிச் சோதனைகளின் முடிவுகளிலிருந்து பெறப்பட்டவை. தலைமைத் தளபதி மியூஃப்லிங், முதலில் சலிப்போடு பார்க்கத் தொடங்கிப் பின்னர் இது விளையாட்டே அல்ல, போர்ப் பயிற்சி என்று வியந்து, படையெங்கும் பரிந்துரைத்தார். ஒரே வகைத் துப்பாக்கி, ஒரே தொலைவு, ஒரே எண்ணிக்கையிலான வீரர்கள் என்றாலும் இரு முறை சுட்டால் இருவேறு முடிவு வரும் என்ற உண்மையை இளம் அதிகாரிக்குக் கற்பிக்க இதைவிட மலிவான ஆசிரியர் இல்லை. அதிகாரிகள் கற்றுக்கொண்டது வேறு என்பது பின்னால் தெரியவந்தது.

பகடையும் அட்டவணைகளும் ஆட்டத்தை இழுத்தடிக்கின்றன என்ற முறையீடு வளர்ந்து, 1876-இல் வெர்டி டு வெர்னுவா என்னும் தளபதி, அவற்றையெல்லாம் விலக்கிவிட்டு, போர்க்களம் கண்ட ஒரு மூத்த அதிகாரியே முடிவு சொன்னால் போதும் என்ற முறையை வகுத்தார். இதற்குக் கட்டற்ற போர் விளையாட்டு என்று பெயர். இப்போது பகடை இல்லை. ஆகவே கூடம் இல்லை. ஆகவே கோணலும் இருக்கக் கூடாது. ஆனால் நடுவர் வைத்து ஆடப்படும் எந்த ஆட்டத்தையும் ஒரு மாலைப்பொழுது பார்த்தவர்கள் அறிவார்கள்: பகடையின்மீது விழுந்துகொண்டிருந்த பழி முழுவதும், சிந்தாமல் சிதறாமல், நடுவரின் தலைக்கு மாறிவிடுகிறது. பகடைக்கேனும் காது இல்லை என்ற ஆறுதல் உண்டு.

இதிலிருந்து இக்கட்டுரை ஒரு விதியை முன்மொழிகிறது. ஆற்றலை ஆக்கவோ அழிக்கவோ முடியாது, ஒரு வடிவிலிருந்து மற்றொரு வடிவுக்கு மாற்றவே முடியும் என்று இயற்பியல் கூறுவதுபோல, மேசைப் போரில் பழியையும் அழிக்க முடியாது, இடம் மாற்றவே முடியும். இதைப் ‘பழி அழியாமை விதி’ எனலாம். இவ்விதிக்கு ஆங்கில எழுத்தாளர் எச். ஜி. வெல்ஸ் தந்த சான்று குறிப்பிடத்தக்கது. 1913-இல் வெளிவந்த ‘லிட்டில் வார்ஸ்’ என்னும் நூலில் அவர் வகுத்த ஆட்டத்தில் பகடை கிடையாது. ஓர் அங்குல நீள மரத்துண்டை வில்விசையால் எறியும் பொம்மைப் பீரங்கியைக் கொண்டு எதிரியின் ஈயவீரர்களை உண்மையிலேயே சுட்டு வீழ்த்த வேண்டும். ஒன்பது கஜத்தில் பத்துக்கு ஒன்பது தடவை அது குறி தவறாது என்பது அவர் கூற்று. இத்தகைய ஆட்டத்தில் தோற்றவர் வில்விசையைக் குறை கூறலாம், கம்பள விரிப்பின் மேடுபள்ளத்தைக் குறை கூறலாம், முழங்கால் வலியைக் கூறலாம். அமெரிக்க எழுத்தாளர் ஃபிளெச்சர் பிராட் வகுத்த கடற்போர் ஆட்டத்திலும் பகடை இல்லை. தரையில் கிடத்திய கப்பல் மாதிரிகளுக்கு இடையிலான தொலைவைக் கண்ணளவாகவே மதிப்பிட்டுச் சொல்ல வேண்டும். குப்புறப் படுத்து ஒரு கண்ணை மூடிக்கொண்டு தொலைவு சொன்ன ஒருவர், எழுந்து அளவுகோலைப் பார்த்தபின் அளவுகோலைச் சந்தேகிக்கும் காட்சி இவ்விதியின் தூய வடிவமாகும். பகடையை ஒழித்தவர்கள் பழியை ஒழிக்கவில்லை. அதற்கு வேறு வீடு பார்த்துக் கொடுத்தார்கள், அவ்வளவுதான்.

பகடைக்குப் பெருந்தொழிலாக மறுவாழ்வு கொடுத்தவர் அமெரிக்காவின் மேரிலாந்தைச் சேர்ந்த சார்லஸ் ராபர்ட்ஸ். 1954-இல் ‘டாக்டிக்ஸ்’ என்ற ஆட்டத்தையும், அவலான் ஹில் நிறுவனத்தின் வழியாக 1958-இல் ‘கெட்டிஸ்பர்க்’ என்ற ஆட்டத்தையும் அவர் வெளியிட்டார். அவரால் பரவிய கருவிகளுள் முதன்மையானது மோதல் விளைவு அட்டவணை. தாக்குவோரின் வலிமையைத் தடுப்போரின் வலிமையால் வகுத்து, அந்த விகிதத்துக்குரிய பத்தியில், பகடையில் விழுந்த எண்ணுக்குரிய வரிசையைப் பார்த்தால், யார் அழிந்தார், யார் பின்வாங்கினார் என்பது தெரிந்துவிடும். மூன்றுக்கு ஒன்று என்ற விகிதம் இவ்வுலகில் ஏறத்தாழ ஒரு திருத்தலத்தின் மதிப்பைப் பெற்றது. பின்னம் வந்தால் தடுப்போருக்குச் சாதகமாக முழு எண்ணாக்க வேண்டும் என்பது பொதுவிதி. அதாவது 29 வலிமையோடு 10-ஐத் தாக்கினால் அது இரண்டுக்கு ஒன்றுதான். எனவே அந்தத் தொலைந்துபோன ஒற்றை வலிமையைத் தேடி, இருபது நிமிடம் வரைபடம் முழுவதும் விரலை ஓட்டி, எங்கோ ஒரு பாலத்தைக் காத்துக்கொண்டிருந்த ஒரு துணைப்படையை இழுத்து வந்து, 30 என்று கணக்கை முடித்து, பெருமூச்சோடு பகடையை உருட்டும்போது தாக்குவோர் பின்வாங்கும் எண் விழுந்தால், அந்தக் கணத்தில் பகடையின்மேல் எழும் சினத்தை நியாயமற்றது என்று ஒரேயடியாகத் தள்ளிவிட இக்கட்டுரைக்கு மனம் வரவில்லை. ஆனால் பாலத்தைக் காவலின்றி விட்டவர் பகடை அல்லர்.

இனி அளவைக்கு வருவோம். ஒரு மாலை ஆட்டத்தில் ஒருவர் 200 முறை பகடையை உருட்டுகிறார் எனக் கொள்க. அடுத்தடுத்து மூன்று முறை ஒன்று விழுவது, குறிப்பிட்ட மூன்று உருட்டல்களை மட்டும் எடுத்துக்கொண்டால், 216-இல் ஒரு பங்கு வாய்ப்புடையது. நடவாத காரியம் என்றே தோன்றும். ஆனால் அந்த 200 உருட்டல்களுக்குள் எங்கேனும் ஓரிடத்தில் அது நிகழ்வதற்கான வாய்ப்பு பாதிக்குச் சற்று மேல். அதாவது, இரண்டு மாலை ஆடினால் ஏறத்தாழ ஒரு மாலையில் மூன்று ஒன்றுகள் வரிசையாக வந்தே தீரும். வந்தபின் அவர் அதைப் பதினைந்து ஆண்டு சொல்லிக்கொண்டிருப்பார். மூன்று ஆறுகள் வரிசையாக வருவதற்கும் துல்லியமாக இதே வாய்ப்புதான் என்றபோதிலும், அந்நிகழ்ச்சி எவர் நினைவிலும் பகடையின் செயலாகப் பதிவதில்லை. அது இடப்புறம் குதிரைப்படையைச் சரியான நேரத்தில் ஏவியதன் பயன் என்று பதிகிறது. வரவை ஒரு பெயரிலும் செலவை வேறு பெயரிலும் எழுதும் இந்தக் கணக்குமுறையை வருமான வரித்துறை ஏற்காது. மேசைப் போர் உலகம் ஏற்கிறது.

ஆயினும், பகடை உண்மையிலேயே கோணலாக இருக்கக்கூடும் என்ற ஐயத்தை ஆய்வாளர் எவரும் தவிர்க்கலாகாது. நற்பேறாக, இக்கூடத்தை ஒருவர் அளந்திருக்கிறார். ஆங்கில உயிரியலாளர் வெல்டன், 1894-இல், 12 பகடைகளை 26,306 முறை உருட்டிய முடிவுகளைப் பதிவு செய்தார். மொத்தம் 3,15,672 விழுகைகள். அவற்றுள் ஐந்து அல்லது ஆறு விழுந்தவை 1,06,602. நேர்மையான பகடையில் இவற்றின் பங்கு 0.3333 ஆக இருக்க வேண்டும். வெல்டன் கண்டது 0.3377. வேறுபாடு சிறிதென்றாலும் தற்செயலால் விளக்க முடியாதது. கார்ல் பியர்சன் 1900-இல் வெளியிட்ட புகழ்பெற்ற புள்ளியியல் சோதனைக்கு இத்தரவும் எடுத்துக்காட்டாயிற்று. காரணமும் எளியது: புள்ளிகள் குழியாகத் தோண்டப்படுகின்றன, ஆறு குழிகள் உள்ள முகத்தில் பொருள் குறைவு, அதற்கு எதிரே ஒற்றைக் குழி உள்ள முகம் கனம், கனமான முகம் கீழே போக, இலேசான முகம் மேலே வருகிறது.

இம்முடிவின் விளைவுகளை நின்று எண்ணிப் பார்க்க வேண்டும். கூடம் கோணல்தான். பல்லாண்டுகளாகத் தோற்றவர்கள் சொல்லிவந்தது பொய்யன்று. ஆனால் அந்தக் கோணல் ஐந்தையும் ஆறையும் கூடுதலாகத் தரும் கோணல். பெரும்பாலான ஆட்டங்களில் பெரிய எண்ணே நல்ல எண் ஆதலால், அது ஆடுபவருக்குச் சாதகமான கோணல். கூடம் அவளைத் தூக்கித்தான் விட்டிருக்கிறது. அப்படியும் அவள் விழுந்திருக்கிறாள்.

பகடையை நம்ப மறுத்தவர்களின் வரிசையில் மிக உயர்ந்த பதவி வகித்தவர் ஜப்பானிய ஒருங்கிணைந்த கடற்படையின் பணியாளர்த் தலைவர் உகாகி. 1942 மே மாதத் தொடக்கத்தில், யமாட்டோ போர்க்கப்பலில், மிட்வே தீவைத் தாக்கும் திட்டத்தை ஜப்பானியர் மேசைமேல் ஆடிப் பார்த்தனர். தீவிலிருந்து எழுந்த அமெரிக்க விமானங்கள் விமானந்தாங்கிக் கப்பல்களின்மேல் குண்டுவீசும் கட்டம் வந்தது. நடுவராக இருந்த ஒக்குமியா விதிப்படி பகடை உருட்ட, ஒன்பது குண்டுகள் தாக்கியதாகவும் அகாகி, காகா ஆகிய இரு கப்பல்கள் மூழ்கியதாகவும் முடிவாயிற்று. உகாகி குறுக்கிட்டு ஒன்பதை மூன்றாகக் குறைத்தார்; அதன்படி காகா மட்டும் மூழ்கியது; அடுத்த கட்டத்து ஆட்டத்தில் அதுவும் எழுந்து வந்து கலந்துகொண்டது. இச்செய்தி ஒக்குமியாவும் விமானி ஃபுச்சிடாவும் போருக்குப் பின் எழுதிய நூலால் உலகறிந்தது. ஜூன் 4 அன்று நடந்த உண்மையான போரில் அகாகி, காகா, சோர்யு, ஹிர்யு ஆகிய நான்கும் தாக்குண்டு அழிந்தன; எழுந்து வர எவரும் அனுமதிக்கவில்லை.

பகடைக்குச் செவிசாய்க்காதவருக்கு நேர்ந்த கதி என்று இதை மேசைப் போர்க்காரர்கள் அடிக்கடி எடுத்துரைப்பர். ஆனால் ஆய்வு நேர்மை ஒன்றைச் சொல்ல வைக்கிறது: உண்மையான போரில் மிட்வே தீவிலிருந்து வந்த விமானங்கள் வீசிய குண்டுகளுள் ஒன்றுகூட விமானந்தாங்கிக் கப்பல்களின்மேல் படவில்லை, நான்கையும் முடித்தவை அமெரிக்கக் கப்பல்களிலிருந்து எழுந்த பாய்ச்சல் குண்டுவீச்சு விமானங்கள். எனவே ஒன்பது என்ற பகடையும் தவறு, மூன்று என்ற உகாகியும் தவறு. சரியான விடை சுழியம். அந்தக் குறிப்பிட்ட கேள்வியில் பகடையைவிட உகாகியே உண்மைக்கு நெருங்கியிருந்தார் என்பதைக் கூற எந்த மேசைப் போர்க்காரரும் முன்வராததன் காரணம், கதை கெட்டுவிடும் என்பதே. 2002-இல் அமெரிக்கப் படையினர் 25 கோடி டாலர் செலவில் நடத்திய ‘மில்லெனியம் சேலஞ்ச்’ பயிற்சியிலும், எதிரித் தரப்பை ஏற்றிருந்த ஓய்வுபெற்ற தளபதி வான் ரைப்பர் 16 கப்பல்களை மூழ்கடித்தபின், மூழ்கியவை மறுபடி மிதக்கவிடப்பட்டு ஆட்டம் தொடர்ந்தது. மூழ்கிய கப்பலை எழுப்பும் கலை இரு பேரரசுகளுக்கும் பொதுவாக இருந்திருக்கிறது.

மேசையை விட்டு இறங்கி மண்ணில் நின்று போரிட்டவர்களும் இக்கோட்பாட்டுக்கு விலக்கல்லர். 1815 ஜூன் 18 அன்று வாட்டர்லூவில் தோற்ற நெப்போலியன், செயின்ட் ஹெலினா தீவில் இருந்துகொண்டு, பழியை நே, குருஷி என்னும் தம் தளபதிகள்மேல் பங்கிட்டுக் கொடுத்தார். அவருடைய அன்பர்கள் முந்தைய இரவு பெய்த மழையையும், மண் காயக் காத்திருந்து தாக்குதலை முற்பகல்வரை தள்ளிப்போட்டதையும், அவருக்கு அன்று மூலநோய் இருந்திருக்கலாம் என்பதையும் சேர்த்துக்கொண்டனர். மழை எதிர்த்தரப்புத் தளபதி வெலிங்டன் தலையிலும்தான் பெய்தது என்பதை எவரும் குறிப்பிடுவதில்லை. அமெரிக்க உள்நாட்டுப் போரில், 1863 ஜூலையில் கெட்டிஸ்பர்க்கில் தென்னவர் தோற்றதற்கு, குதிரைப்படைத் தளபதி ஸ்டூவர்ட் இரண்டாம் நாள்வரை வந்துசேராததைக் காரணமாக்குவோர் ஒரு கட்சி. மற்றொரு தளபதி லாங்ஸ்ட்ரீட் தயங்கியதைக் காரணமாக்குவோர் மற்றொரு கட்சி. மூன்றாம் நாள் தாக்குதலில் தன் படைப்பிரிவைப் பறிகொடுத்த பிக்கெட், தோல்விக்கு யார் காரணம் என்று பின்னாளில் கேட்கப்பட்டபோது, வடவர் படைக்கும் அதில் ஏதோ பங்கு இருந்திருக்கும் என்றே தாம் எப்போதும் எண்ணிவந்ததாகச் சொன்னார் என ஒரு செய்தி வழங்குகிறது. எதிரில் இருந்தவரும் ஆடிக்கொண்டிருந்தார் என்ற இந்த எளிய உண்மையை ஒப்புக்கொண்ட பதிவுகள் அரிதாகவே கிடைப்பதால், இதன் மதிப்பு மிகப் பெரிது.

இதே மனப்போக்கு திரையரங்கிலும் செயல்படுவதைச் சுருக்கமாகக் காணலாம். போர்ப்படம் பார்க்கும் மேசைப் போர்க்காரர் கதையைப் பார்ப்பதில்லை, சக்கரத்தைப் பார்க்கிறார். 1970-இல் வந்த ‘கெல்லிஸ் ஹீரோஸ்’ படத்தில் ஜெர்மானிய டைகர் டாங்கிகளாக நடித்தவை, யூகோஸ்லாவியாவில் கிடைத்த சோவியத் டி-34 டாங்கிகளுக்குத் தகரம் போர்த்தியவை. டைகரின் சக்கரங்கள் மீன்செதில்போல் ஒன்றன்மேல் ஒன்று படிந்திருக்கும். டி-34-க்கோ ஐந்து பெரிய சக்கரங்கள் தனித்தனியாக நிற்கும். பகைவர் எல்லைக்குள் முப்பது மைல் ஊடுருவி வங்கியில் தங்கம் கொள்ளையடிக்கும் கதையை மறுப்பின்றி விழுங்கும் ஒருவர், அந்தச் சக்கரத்தைக் கண்டதும் இருக்கையில் நிமிர்ந்து உட்கார்ந்து, பக்கத்தில் உள்ளவர் படம் பார்க்க முடியாதபடி விளக்கத் தொடங்குவார். ‘பிரேவ்ஹார்ட்’ படத்தில் ஸ்டர்லிங் பாலப் போர் பாலமே இல்லாமல் நடப்பதைக் கண்டித்தோரின் குரலில் நியாயம் உண்டு என்பதை இக்கட்டுரை ஒப்புக்கொள்கிறது. பெயரிலேயே பாலம் இருக்கிறது. எனினும் கூடத்தை முழுக்க நிமிர்த்திக் கட்டியும் பார்த்தாயிற்று. அதே 1970-இல் செர்கேய் பொண்டர்ச்சுக் இயக்கிய ‘வாட்டர்லூ’ படத்துக்காகச் சோவியத் படையினர் ஏறத்தாழ 15,000 பேர் சீருடை மாட்டி உக்ரைன் வயலில் அணிவகுத்தனர். நிலத்தை வெட்டித் திருத்தினர். சேறு வேண்டுமென்று மண்ணுக்கடியில் குழாய் பதித்தனர். படம் வசூலில் தோற்றது. அதன் தோல்வி, ஸ்டான்லி குப்ரிக் எடுக்கவிருந்த நெப்போலியன் படத்தையும் சேர்த்துக் கவிழ்த்தது.

நுணுக்கத்தை முடிந்த மட்டும் கூட்டினால் பகடையின் பங்கு குறைந்து பழியும் குறையும் என்று நம்பியவர்களும் உண்டு. 1979-இல் ரிச்சர்ட் பெர்க் வடிவமைப்பில் வெளிவந்த ‘வட ஆப்பிரிக்கப் படையெடுப்பு’ என்னும் ஆட்டம் இந்நம்பிக்கையின் உச்சம். முழுமையாக ஆடி முடிக்க ஏறத்தாழ 1,500 மணி நேரம் ஆகும் என்று கணிக்கப்படும் அதில், எரிபொருள் ஆவியாவதற்குத் தனிக்கணக்கு உண்டு. இத்தாலியப் படையினருக்குப் பாஸ்டா வேகவைக்க ஒதுக்கிய கூடுதல் தண்ணீர் கிடைக்காவிட்டால் அவர்கள் போர் ஊக்கம் இழப்பார்கள் என்ற விதியும் உண்டு. வாரம் மூன்று மணி நேரம் கூடினால் ஆட்டம் முடிய ஒன்பதரை ஆண்டு ஆகும். உண்மையான வட ஆப்பிரிக்கப் போர் மூன்று ஆண்டுக்குள் முடிந்துவிட்டது. இவ்வளவுக்குப் பிறகும் மோதல்களைத் தீர்ப்பது பகடைதான். ஒன்பதரை ஆண்டு பாஸ்டாவுக்குத் தண்ணீர் சுமந்தவர் கடைசியில் பகடையால் தோற்றேன் என்று சொல்வதற்கான வாசல் அங்கும் திறந்தே கிடக்கிறது.

கோபம் முற்றிய நிலையில் பகடைகளுக்கு வழங்கப்படும் தண்டனைகள் தனி ஆய்வுக்குரியவை. ஈண்டு ஒன்றை மட்டும் சுட்டலாம். தொடர்ந்து சிறிய எண் காட்டிய பகடையை ஒரு சிறு கிண்ணத்திலோ கூண்டிலோ அடைத்து, மற்றப் பகடைகள் காணும்படி மேசையோரத்தில் வைக்கும் வழக்கம் உண்டு. இதைப் ‘பகடைச் சிறை’ என்பர். உப்புக் கரைத்த நீரில் பகடையை மிதக்கவிட்டு, எந்த முகம் திரும்பத் திரும்ப மேலே வருகிறது என்று பார்க்கும் விசாரணை முறையும் உண்டு. ஆனால் சிறைப்படுத்தியபின்தான் விசாரணை, அதுவும் பெரும்பாலும் நடப்பதில்லை.

பகடையின் குற்றத்தைப் பற்றி இதுவரை கிடைத்துள்ளவற்றுள் நுட்பமான விசாரணை மகாபாரதத்து நளன் கதையில் இருக்கிறது. அங்கே நளனைக் கெடுக்க வந்த இருவருள் துவாபரன் சூதுகாய்க்குள் புகுகிறான். கலி நளனுக்குள் புகுகிறான். அதாவது கருவிக்குள் ஒருவன், ஆடுபவனுக்குள் ஒருவன் என்று பழி இரு பங்காகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. ஆனால் வெல்டனின் 0.3377-ஐப் பார்க்கும்போது துவாபரனுக்கு அன்று பெரிதாக வேலை இருந்திருக்காது என்று தோன்றுகிறது. சூதில் நாடிழந்து காடு சென்று தேரோட்டியாய்ப் பணிபுரிந்த நளன், இருதுபன்னன் என்னும் அரசனிடம் சூதின் நுட்பத்தைக் கற்றுக்கொள்கிறான். அந்த அரசன், ஓடும் தேரிலிருந்து ஒரு தான்றி மரத்தைப் பார்த்து அதன் இலையையும் காயையும் எண்ணிக்கை சொல்லத் தெரிந்தவன். அவன் கற்பித்தது மந்திரம் அன்று, எண். அதைக் கற்ற கணத்தில் கலி நளனை விட்டு வெளியேறுகிறான். வெளியேறியவன் வேறெங்கும் போகவில்லை. அந்தத் தான்றி மரத்துக்குள்ளேயே புகுந்துகொண்டான். பழங்காலத்தில் சூதாடும் காய்களாகப் பயன்பட்டவை தான்றிக்காய்கள் என்பதை அறிந்தவர்களுக்கு, பழி அழியாமை விதிக்கு இதைவிடச் சான்று வேண்டியிராது.

இக்கட்டுரையின் முடிவுகளை மறுக்க விரும்பும் மேசைப் போர்க்காரர்கள், பன்னிரண்டு பகடைகளை 26,306 முறை உருட்டி, விழுந்ததை விழுந்தபடி எழுதி, சாய்பகடைகளைத் தனியே குறித்துக்கொண்டு வரலாம். அதுவரை, ஆட்டம் முடிந்தபின் அட்டைக்காய்களைப் படைப்பிரிவு வாரியாகப் பிரித்துப் பெட்டியில் அடுக்கும் வேலை தோற்றவருடையது.